முகைதீன்பாவா விதைத்த கடவுச்சொல்

ஸாதியா ஏழாவது தடவையும் தட்டிப் பார்த்தாள். போன் திறக்கவில்லை. இன்னும் ஒரேயொரு தடவைதான் மிச்சம், அதுவும் பிழையானால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றது. போன் களவு போனால் கள்ளனுக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாதென்று அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவளே அவள்தான்.

போனுக்குரியவர், அவளுடைய வாப்பா முகைதீன்பாவா, கூடத்தில் கபன் துணிக்குள் முகம் மட்டும் தெரியக் கிடந்தார். காலையில் தேத்தண்ணீர் குடித்து, கோப்பையைக் கீழே வைத்து, அப்படியே சாய்ந்துவிட்டார். யாருக்கும் கரைச்சல் கொடுக்காத மௌத்து என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வாழ்நாள் பூராக ஓட்டமாவடியில் ஒருவர் பாக்கியில்லாமல் கரைச்சல் கொடுத்த மனிதருக்குக் கடைசியில் இப்படியொரு நல்ல பெயர். ஸாதியாவுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

பின்னேரம் அஸர் தொழுகையோடு ஜனாஸாவை எடுக்க வேண்டும். கட்டாரில் இருக்கும் தம்பி அஸாமுக்கு இன்னும் விஷயம் தெரியாது. போன கிழமைதான் வேலை மாறி, நம்பரும் மாற்றியிருந்தான். புது நம்பரை வாப்பாவுக்கு மட்டும் கொடுத்திருந்தான். பழைய நம்பர் செத்துக் கிடந்தது. முகநூலில் அனுப்பிய செய்தியை அவன் பார்க்கவில்லை. வேலை முடிந்து, பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வாப்பாவுக்கு அழைப்பு எடுப்பான். அதற்குள் வாப்பா மண்ணுக்குள் போய்விடுவார். தம்பி முகம் பார்க்காமல் வாப்பாவை அனுப்புவதை ஸாதியாவால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

வாப்பாவின் தம்பி ஸாஹிர் மெல்லக் குனிந்தார்.

"காக்காட வெரல வெச்சுப் பாப்பமா, மகள்?"

கூடத்து மூலையிலிருந்து உம்மா நிமிர்ந்தாள்.

"உசிரோட இரிக்கக்குள்ளயே அந்த வெரல அது ஏத்துக்கல்ல. மண்வெட்டி புடிச்சுத் தேஞ்ச வெரல். பேசாம இரிங்க தம்பி."

அது உண்மை. அதனால்தான் கடவுச்சொல்லே வந்தது. வாப்பா வைப்பார், மறுநாள் மறப்பார். முகநூலில் மட்டும் அவருக்கு நாலு கணக்கு. நாலிலும் ஒரே படம். நாலு முகைதீன்பாவாவும் ஒருவருக்கொருவர் பெருநாள் வாழ்த்து அனுப்பிக் கொண்டார்கள்.

போன வருஷம் ஸாதியா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"வாப்பா, வயல்ல இப்ப என்ன நெல்லு?"

"பீஜி தொண்ணூத்திநாலு. ஏன்?"

"அதான் உங்கட கடவுச்சொல்லு."

நெல்லினத்துப் பெயரில் எழுத்தும் இருக்கிறது, இலக்கமும் இருக்கிறது. கடைசியில் எந்தக் கணக்கோ அதன் முதலெழுத்தைச் சேர்த்தால் போதும். போகத்துக்குப் போகம் விதை மாறும், வாப்பாவும் அதோடு கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வார். பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் வாப்பா விதையை மறக்கமாட்டார்.

"இது ஊருக்கே தெரிஞ்சிருமே, மகள்?"

"கள்ளனுக்கு வயல் தெரியாது வாப்பா."

அன்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. இந்த மாரிப்போகத்துக்கு ஏ.டி. முன்னூற்று அறுபத்திரண்டு. வட்டையில் எல்லா வயலிலும் அதுதான் விதைப்பு, வாப்பாவும் அதைத்தான் சொன்னார். ஸாதியா அதைத்தான், விரல் தவறியதோ என்று, ஏழு தடவை தட்டியிருந்தாள்.

வாசலில் கட்டிய தறப்பாளுக்குக் கீழே கதிரைகளில் இருந்தவர்கள் பாதிப்பேர் வயல்காரர்கள். ஸாஹிர் சாச்சா அங்கே போய் விஷயத்தைச் சொன்னார். சித்தாண்டியிலிருந்து வந்திருந்த இளையதம்பி எழும்பினார். வாப்பாவின் வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவில் ஒரு வரம்புதான்.

"அறுபத்திரண்டா? எனக்கெண்டா ஐமிச்சம் பிள்ளை. எங்கட கதிரும் பாவாக்காக்காட கதிரும் ஒரு நிறமில்ல. கேட்டன். பசளை கூடிப்போச்செண்டு சொன்னார்."

"அப்ப என்ன விதச்சிரிக்கார்?"

"அந்த மனிசன் ஆருக்கு உண்மை சொன்னவர்? பொறுங்க, வாறன்."

மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் போனது. அவர் திரும்பி வருமட்டும் ஸாதியா போனைத் தொடவில்லை. தொட்டால் தன் கையே எதையாவது தட்டிவிடுமென்ற பயம். உம்மா வாப்பாவின் காலடியில் இருந்து ஓதிக்கொண்டிருந்தாள்.

இளையதம்பி ஒரு பிடி நெற்கதிரோடு வந்தார். மௌத்து வீடு அடுத்த நிமிஷமே நெல்லுச் சந்தையாகிவிட்டது. ஒருவர் மணியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார்.

"வெள்ளை! அறுபத்திரண்டெண்டா சிவக்கணும். இது சம்பா."

"சம்பாதான். பீஜி முன்னூத்தி அம்பத்தெட்டு."

"கண் தெரியல்லையா உங்களுக்கு? மணி ஒடுங்கி இரிக்கி. இது கீரிச்சம்பா, பீஜி முன்னூத்தி அறுவது."

"இன்னும் முத்தல்ல, அதான் ஒடுங்கி இரிக்கி!"

ஒருவர் பல்லால் கடித்துப் பார்த்தார். இன்னொருவர் கண்ணாடி இரவல் வாங்கினார். தறப்பாளுக்குக் கீழே இரண்டு கட்சி உருவானது. வாப்பா மட்டும் எழும்பி வந்தால் மூன்றாவது கட்சி தொடங்கியிருப்பார். பள்ளியிலிருந்து ஜனாஸாவைத் தூக்கிப்போகும் சந்தூக்கும் வந்து சேர்ந்தது.

அம்பத்தெட்டா, அறுபதா? இருப்பது ஒரு தடவை. ஸாதியா கதிரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உம்மாவின் பக்கத்தில் குந்தினாள்.

"உம்மா, வாப்பா சம்பா விதச்சிரிக்கார். அம்பத்தெட்டா கீரியா எண்டு அவங்களுக்குள்ள சண்ட. உங்களுக்குத் தெரியுமா?"

உம்மா கதிரை வாங்கவில்லை. மணியைப் பார்க்கவுமில்லை. வாப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சம்பாவா?" என்றாள். "கள்ள மனிசன். எனக்கும் அறுபத்திரண்டெண்டுதான் சொன்னவர்."

"உம்மா, நேரமாகுது."

"அஸாம் இந்தப் பெருநாளைக்கு வாறனெண்டு சொன்னவன். அங்க சோறு கல்லுப்போல, வீட்டுச் சம்பாச்சோறு திங்கணுமெண்டு இவரிட்ட அழுதிரிக்கான்."

"எந்தச் சம்பா?"

"கீரிய அவன் வாயில வெக்கமாட்டான். சின்னதிலயே வாசம் புடிக்காதெண்டு துப்புவான். அம்பத்தெட்டப் போடு."

வெளியே இன்னும் வாதம் நடந்துகொண்டிருந்தது. ஸாதியா பிஸ்மி சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

போன் திறந்தது.

புது நம்பரைத் தேடி எடுத்தாள். இரண்டாவது மணிச்சத்தத்திலேயே அஸாம் வீடியோவில் வந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் இரும்புச் சாரங்கள், முகம் நிறையச் சிரிப்பு.

"வாப்பா! வேலைல நிக்கிறன். என்ன, கதிர் முத்திற்றா?"

அந்தச் சிரிப்பை அணைக்க வேண்டியவள் ஸாதியாதான்.

"தம்பி, ராத்தா பேசுறன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"காட்டு" என்றான்.

காட்டினாள். உம்மா போனைத் தன் கையில் வாங்கி, முதலில் தலைகீழாகப் பிடித்து, பிறகு சரியாக்கி, வாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கபனைக் கட்ட நின்றவர்கள் கைகட்டிக் காத்திருந்தார்கள். அஸாம் ஸலாம் சொன்னான். மூக்கை உறிஞ்சினான்.

"ராத்தா, எப்பிடித் திறந்த?"

அவள் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். கடித்துப் பார்த்தவரையும் கண்ணாடி இரவல் வாங்கியவரையும் விடாமல் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதான்.

"எனக்கிட்ட மட்டும்தான் சொன்னவர். வட்டைல ஒருத்தனுக்கும் தெரியாதெண்டு அவருக்கு என்னா பெருமை!"

சந்தூக் வாசலுக்கு வந்தது. கலிமா ஓதும் குரல்கள் எழும்பின. பெண்கள் வெளிவாசல் படலையோடு நின்றுவிட வேண்டும். ஸாதியா போனைப் பிடித்தபடி படலைவரை போனாள்.

"நான் இதுக்கு மேல வரேலா தம்பி."

"நானும் வரேலாதானே" என்றான் அஸாம்.

அவள் சுற்றிப் பார்த்தாள். ஸாஹிர் சாச்சாவும் மற்றவர்களும் தோள் கொடுத்துவிட்டார்கள். இளையதம்பி ஓரமாக, செருப்பைக் கையில் பிடித்தபடி, கூட்டத்தோடு நடக்கத் தொடங்கியிருந்தார்.

"மாமா!" ஸாதியா கூப்பிட்டாள். அவருடைய சட்டைப்பைக்குள், கமெராக் கண் மேலே தெரிய, போனைச் செருகினாள். "தம்பியையும் மையவாடிக்குக் கூட்டிற்றுப் போங்க."

இளையதம்பி குனிந்து பைக்குள் பார்த்தார்.

"வா மகன், போவம்" என்றார்.

ஜனாஸா ஒழுங்கையில் திரும்பியது. பின்னால் அவர், போன் உள்ளே வழுகிவிடாமல் சட்டைப்பையின் அடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பள்ளம் பார்த்துப் பார்த்து அடி வைத்து நடந்தார்.