தட்டுவதற்கு முன்னால்

…தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே உரிஞ்சிடும் போலிருந்தது, இன்னும் போகவில்லை, எங்கே போகும், பதினஞ்சு வயசிலே கூடை தூக்கினதிலிருந்து ஊறினது ஒரு காலையிலே போய்விடுமா என்று நடந்துகொண்டே இடது உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டுபோனாள் அங்கம்மா, புளி வாசனை, எலுமிச்சந் தோல் வாசனை, சிவப்பு சோப்பு, அதுக்கெல்லாம் அடியிலே… ஆங், இதோ கீது, நேத்து வித்த வஞ்சிரம், ஒளிஞ்சிகினு கீது. கஸ்மாலம். கூடையைக்கூட இன்றைக்குக் கொண்டுவரவில்லை, கரையிலே, கூட மீன் விக்கிற இருதயம்மாள் கிட்டே விட்டுவிட்டு வந்தாள், அந்தப் பொம்பளை சும்மா இருப்பாளா, தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்துவிட்டு, இன்னாடி, துவைச்ச சேலை, படிய வாரின தலை, ராவ் ஓட்டலுக்குக் காபி குடிக்கப் போறியா இல்ல பொண்ணு பாக்க வர்றாங்களான்னு கேட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கட்டும். காபி குடிக்கத்தான் போறேன், காசு குடுத்துக் குடிக்கப் போறேன், இதுல இன்னா கீது வெக்கப்பட? ஆனால் கால் என்னவோ கல்மண்டபம் முனை நெருங்க நெருங்கப் பின்னாலேயே இழுத்தது, கட்டுமரங்கள் கரைக்கு வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும், திரும்பிப் போய்விடலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

யாரும் கேட்கமாட்டார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். மூன்று நாளாகக் காபி இல்லாமல் தலையை இடிக்குது, அது ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்த மனுஷன் முகத்தைப் பார்க்காமல் மூன்று நாள்… சே, என்ன நினைப்பு இது, ஒரு பொண்ணைக் கத்திவாக்கத்திலே கட்டிக் கொடுத்து அவளுக்கும் ரெண்டு புள்ளை ஆச்சு. இருந்தாலும் இருக்கிறதை இல்லேன்னு சொல்ல முடியுமா? ஏழு வருஷம் ஆகுது. சப்பான்காரன் துறைமுகத்திலே குண்டு போட்டானே, அதற்கு அடுத்த வருஷம் மழைக்காலத்திலே, தலைவலி மண்டையைப் பிளக்குதென்று இதே ஓட்டல் வாசற்படியிலே கால் வைத்தாள், கல்லாவிலிருந்த ராவ்ஜி எழுந்திருக்கக்கூட இல்லை, மூக்கின் மேலே துண்டை வைத்துக்கொண்டு விரலை மட்டும் நீட்டினார், மீன்காரங்க, மூட்டைக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம், சந்துக்குள்ளே ஜன்னல் இருக்கு, போ. அந்த விரல் இன்னும் மறக்கவில்லை. சாகிற வரைக்கும் மறக்காது. ஜன்னலுக்குப் போனாள், போகாமல் என்ன செய்வது, அங்கே ஒரு ஆள் நின்றான், நரைத்த மீசை, தோளிலே ஈரத் துண்டு, அவன்தான் காபி மாஸ்டர் எத்திராஜ். அவன் மூக்கைச் சுளிக்கவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னல் கம்பிக்கு இவ்வளவு கிட்டே வந்து நின்று, சக்கரை தூக்கலா போடவாம்மா என்று கேட்டான். பிராட்வே வரைக்கும் கூடை சுமந்து போகிறவள் அவள், டிராம் வண்டியிலே ஏறினால் பக்கத்து ஆள் எழுந்து நிற்பான், வீட்டு வாசலிலே மீன் வாங்குகிற அம்மாக்களே முந்தானையை மூக்கிலே வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுவார்கள், பழகிப்போச்சு. பழகாதது அந்த ஒரு முகந்தான்.

மறுநாளே வீட்டிலிருந்து ஒரு பித்தளை லோட்டா கொண்டுவந்தாள், உள்ளே இருக்கிற டம்ளரை ஜன்னலுக்குத் தரமாட்டார்கள், அது ராவ்ஜி போட்ட சட்டம். எத்திராஜே வெளிச்சுவரிலே ஒரு ஆணி அடித்துக்கொடுத்தான், லோட்டா அதிலே தொங்கும், அவளுடையது, வேறு யாரும் தொடமாட்டார்கள். ஒன்று மட்டும் அவளுக்குக் கூச்சமாயிருக்கும். அந்த ஜன்னல் கதவை அவள் ஒரு நாளும் தட்டினதில்லை. மூட்டைக்காரர்கள் தடதடவென்று தட்டிக் கத்துவார்கள், மாஸ்டரு, மாஸ்டரு, ரெண்டு காபி! அவள் கூடையை இறக்கி வைக்கிறதுக்குள்ளேயே கதவு திறந்துவிடும். பின்னே, திறக்காதா? ஆளுக்கு முன்னாடி வாடை போவுதே, சந்து முனைக்கு வர்றப்பவே உள்ள அடிச்சிருக்கும், மீன்காரி வந்துட்டாள்னு. பாவம், நல்ல மனுஷன், வாயைத் திறந்து சொல்லமாட்டான். அதற்காகவே கூடையை நாலு தரம் கழுவிப் பார்த்தாள், சுண்ணாம்பு போட்டுக்கூடக் கழுவினாள், அப்படியும் கதவு அவள் தட்டுவதற்கு முன்னால்தான் திறந்தது.

பாத்திரத்திலிருந்து லோட்டாவுக்கு நுரை கட்ட ஊற்றுவான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவள் ஒரு வாய் குடிக்கிற வரைக்கும் நகரமாட்டான். எப்டி கீது? இதுதான் கேள்வி. தினம். முதல் டிகாக்ஷனிலே முதல் காபி அவளுக்குத்தான், உள்ளே ஹார்பர் குமாஸ்தாக்கள் வருவதற்கு முன்னாலே. மொதல்ல அவளுக்குச் சிரிப்பு, காபியைப் பத்தி எனக்கு இன்னா தெரியும், நம்ப வூட்டுல பழைய சோத்துத் தண்ணிதானே காபி, மாமியார்க்காரி இருந்தா இத்த துரைசானித் தண்ணின்னு கொட்டிடுவா. ஆனால் மூக்கு என்று ஒன்று இருக்கிறதே. செவுளைத் தூக்கி ஒரு தரம் மோந்தால் போதும், இது இன்றைக்குப் பிடித்ததா நேற்றைக்கு ஐஸிலே கிடந்ததா என்று சொல்லிவிடுவாள், அவள் கிட்டே எவனும் பழைய மீனைத் தள்ள முடியாது. அந்த மூக்கு காபியை விடுமா? தூளு சிக்கு வாசனை அடிக்குது மாஸ்டரே. பாலு பொங்கி ஊத்தியிருக்குது. இன்னிக்கி சிக்கரி அள்ளிப் போட்டுட்டியா? ஒருநாள், கோணி வாசனை வருதே, மூட்டை ஈரத்துல நின்னுதா என்றாள், மெய்யாலுமே நின்றிருந்தது, அவன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனான். கேட்டுக் கேட்டு உள்ளே போய் எதையோ மாற்றுவான். என்னையும் ஒரு மனுஷியா மதிச்சு ஒருத்தன் கேக்கிறானே என்று அவளுக்கு அன்றைய பொழுதே ஜோராக இருக்கும், வெயில் தெரியாது, கூடைக் கனம் தெரியாது. வீட்டுக்காரன் சின்னப்பையன் இருந்த வரையிலே கள்ளுக்கடையைத் தவிர ஒரு கடை அறியான், அவளை ஒரு வார்த்தை எப்படி இருக்கே என்று கேட்டதில்லை, அவனையும் கடல் கொண்டுபோய்விட்டது. அந்தக் கள்ளுக்கடையும் மூடி மூன்று வருஷம், அங்கே குந்திக்கொண்டிருந்த ஆம்பளைகள் எல்லாம் இப்போது காலையிலே காபி ஓட்டல் பெஞ்சியிலே, கை நடுங்க டபராவைப் பிடித்துக்கொண்டு, பாவம், நுரையைப் பார்த்தாவது மனசை ஆற்றிக்கொள்ளட்டும்.

அப்புறந்தான் மூன்று நாளைக்கு முன்னாலே ஜன்னலைக் காணோம். கதவும் இல்லை, கம்பியும் இல்லை, செங்கல் வைத்துப் பூசி மேலே சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. யாரோ அதிகாரி வந்து, இப்படித் தனியாக ஜன்னல் வைத்துக் கொடுக்கக்கூடாது, இனிமேல் எல்லாருக்கும் உள்ளேதான் என்று சொல்லிப்போனானாம், வாசலிலே புதுப் பலகை, எந்த ஜாதியாரும் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறதென்று இருதயம்மாள் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு வந்து சொன்னாள். நல்ல காரியம். அந்த விரலை ஒடித்த காரியம், அவள் குதித்திருக்க வேண்டும். குதிக்காமல் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு மக்கு மாதிரி நின்றாள், அழுகை வந்தது. சட்டம் போட்டவனுக்கு இது தெரியுமா? தெரிந்தால் சிரிப்பான். உள்ளே போனால் அவன் அடுப்படியிலே இருப்பான், அவள் நாற்பது ஆம்பளைக்கு நடுவிலே இருப்பாள், எப்டி கீது என்று யார் யாரைக் கேட்பது? முனையிலே மஜீது பாய் டீக்கடை போட்டிருக்கிறார், கண்ணாடி கிளாஸ், யார் என்ன என்று கேட்பதில்லை, வா அங்கம்மா, ஒரு தபா குடிச்சுப் பாரு, காபியெல்லாம் மறந்துடுவே என்றார், நேற்றுக் குடித்தாள், நல்லாத்தான் இருந்தது, பாய் மேலே குத்தம் சொல்ல முடியாது. ஆனால் கிளாஸைக் கொடுத்ததும் அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

வாசற்படி வந்துவிட்டது. போ. கால வெச்சிட்டா முடிஞ்சுபோச்சு. கல்லாவிலே அதே ராவ்ஜி, தலை முன்னைவிட வெளுத்திருந்தது, அவளைப் பார்த்தார், துண்டு மூக்குப் பக்கமாகப் பாதி தூரம் போய், பலகை ஞாபகம் வந்ததோ என்னவோ, கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கியது. வா, உட்காரு. எங்கே உட்காருவது? வாசலோரப் பெஞ்சியின் நுனியிலே குந்தினாள், அதே பெஞ்சியின் மறு நுனியிலே ஹார்பர் குமாஸ்தா இக்னேஷியஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு தரம் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேப்பரை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டார். எழுந்து போகவில்லை, அது வரைக்கும் சரி. ஏழு வருஷமாக வெளியிலிருந்தே பார்த்த கடையை உள்ளேயிருந்து பார்த்தாள், கல் மேசை, சாமி படம், அதோ அந்தக் கோடியிலே அடுப்பும் பாய்லரும். ஜன்னல் இருந்த இடம் இந்தக் கோடியிலே, உள்பக்கம் இன்னும் பூசவில்லை, செங்கல் அப்படியே தெரிந்தது, அதற்கு நேரே கீழே ஒரு முக்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவிலே பள்ளம் விழுந்த முக்காலி. சுவரைப் பார்த்துக்கொண்டு யார் உட்காருவார்கள் என்று நினைத்தாள், அதற்குள்ளே காபி வந்துவிட்டது, டபரா டம்ளரோடு. அவளுக்கு, டம்ளரோடு.

ஒரு வாய். ஐயையே. இன்னா இது? பால் அடிபிடித்த வாசனை, தூளிலே உயிரே இல்லை, டப்பாவை ராத்திரியெல்லாம் திறந்தே போட்டிருக்கிறான். பெஞ்சியின் மறு நுனியிலே இக்னேஷியஸும் டம்ளரை வைத்துவிட்டார், ராவ்ஜி, மூணு நாளா இது காபியா கழனித்தண்ணியா, கேக்கறதுக்கு ஆளில்லையா? ராவ்ஜிக்கு என்ன தெரியும், வவுத்துப் புண்ணு, மோரைத் தவிர ஒன்றும் தொடமாட்டார், காபி ஓட்டல் முதலாளி காபி குடித்துப் பத்து வருஷமாம், அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக் கத்தினார், எத்திராஜ், உனக்கு மூக்கு இருக்கா இல்லையா, நாளைக்கும் இப்படியே இருந்தா வேற மாஸ்டரைப் பார்த்துப்பேன், சொல்லிட்டேன். இருபது வருஷமாக அடுப்படியிலே வெந்தவனை நாளைக்குப் போ என்கிறார். அவள் தலையைத் தூக்கினாள். எத்திராஜ் அடுப்பை விட்டு வந்துகொண்டிருந்தான், நேரே அவள் பெஞ்சிக்கு, மேசை துடைக்கிற மாதிரி குனிந்தான், மூன்று நாளிலே கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எப்டி கீது?" என்றான்.

"நல்லால்ல மாஸ்டரே. பாலு அடிபுடிச்சிருக்குது. தூளு டப்பா மூடவே இல்லியா? உனக்கே தெரியலியா?"

"தெரியாது அங்கம்மா." குரலை இன்னும் இறக்கினான். "சப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே காலி பண்ணிகினு ஓடுச்சே, அந்த வருஷம் சித்தூர்ல ஜுரத்துல படுத்தேன். ஏந்திரிச்சேன், மூக்கு போச்சு. கசப்பு தெரியும், இனிப்பு தெரியும், வாசனை ஒண்ணுந் தெரியாது. ராவ்ஜிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வெளியதான். நீ சொல்றத வெச்சித்தான் ஓட்டிகினு கீறேன்."

"ஒண்ணுமே தெரியாதா? மீனு?"

"மீனு இன்னா, கடலே தெரியாது."

அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், சுட்டது, விடவில்லை. அப்போ மதித்ததும் இல்லை, ஒன்றும் இல்லை, மூக்கில்லாதவனுக்கு ஒரு மூக்கு வேண்டியிருந்தது, ஜன்னலுக்கு ஒன்று வந்தது, பிடித்துக்கொண்டான், அவ்வளவுதானா? சுளிக்காத முகம், சுளிக்காத முகம் என்று ஏழு வருஷமாக நெஞ்சிலே வைத்துப் பூஜை பண்ணினேனே, சுளிக்க அவனுக்கு மூக்கே இல்லையே, இன்றைக்குத் தோல் உரியத் தேய்ச்சேனே, யாருக்குத் தேய்ச்சேன்? சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எழுந்து போய்விடலாம், நாளைக்கு வேற மாஸ்டர் வரட்டும், எனக்கென்ன… அவன் இன்னும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. கோபம் நெஞ்சிலே தங்கமாட்டேன் என்றது. அந்தப் பாலைக் கீழ ஊத்து, என்றாள், வேற பாத்திரத்துல புதுசா காய்ச்சு, சின்னத் தீயில. இந்தத் தூளு வேணாம், புது மூட்டை இருந்தா அதுல அரை. அப்புறம் கொண்டா, நான் குந்திகினு கீறேன். கட்டுமரம் வந்தால் வரட்டும், இருதயம்மாள் பார்த்துக்கொள்வாள். இரண்டாவது டம்ளர் வந்தது, அவன் நகராமல் நின்றான், ஒரு வாய் குடித்தாள், அவளுக்குப் பிடித்த அந்தத் தூக்கல் சக்கரை, ஹா, இதுதான். இப்ப கீது, என்றாள். இக்னேஷியஸுக்கும் ஒரு டம்ளர் போனது, பேப்பர் கீழே இறங்கியது. நாளைக்கும் வருவியா என்று அவன் கேட்டான், பார்க்கலாம் என்று எழுந்துவிட்டாள், உடனே சரி என்று சொல்லிவிட மனசு வரவில்லை.

வெளியிலே வெயில் ஏறியிருந்தது. சந்துக்குள்ளே எட்டிப் பார்த்தாள், லோட்டா இன்னும் ஆணியிலேயே தொங்கியது, சுண்ணாம்பு தெறித்து வெள்ளைப் புள்ளிகளோடு. இனிமேல் இது எதற்கு, வீட்டுக்குக் கொண்டுபோனால் தண்ணீர் மொள்ளவாவது ஆகும், கழற்றினாள், இடுப்பிலே வைத்தாள், எத்தனை காலை, கூடையை இங்கே இறக்கி… இதோ இங்கேதான், இறக்கி நிமிர்வதற்குள் கதவு திறக்கும், வாடை முன்னாடி போய்ச் சொல்லிடுதேன்னு கூசிப்போய் நிற்பாள்… இரு. இரு, அங்கம்மா. அவனுக்குத்தான் வாடையே தெரியாதே? பின்னே நான் வந்தது எப்படித் தெரிஞ்சுது? அடுப்பு அந்தக் கோடியிலே, பாய்லர் அந்தக் கோடியிலே, இந்தக் கோடியிலே அந்த முக்காலி மட்டுந்தான். நடுவிலே பள்ளம் விழுந்த முக்காலி. அதிலே குந்திகினு என் மூக்குக்காகக் காத்திருந்தானா… மூட்டைக்காரன் தட்டினால்தானே திறப்பான்… இல்லை, அதுக்காகத்தான் இருக்கும், காபி ஆறிடுமேன்னு… தெரியவில்லை. கேட்டால் சொல்வானா, கேட்கத்தான் முடியுமா? கரைப் பக்கத்திலிருந்து இருதயம்மாள் குரல், அடியே அங்கம்மா, மரம் வந்துட்டுது, காபி குடிச்சது போதும் வாடி! வரேன், வரேன் என்றாள், அவளுக்கே கேட்காத குரலிலே. விரலை மடக்கி, ஜன்னல் இருந்த இடத்திலே, புதுச் சுண்ணாம்பின் மேல் ஒரு தரம் தட்டினாள். ஏழு வருஷத்திலே அவள் அங்கே தட்டினது அதுதான் முதல் தடவை.