பேல் டிரேப்பர்ஸின் பழைய நாடா

நைஜல் கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பெவர்லியின் வீட்டு சோபாவில் உட்கார்ந்தான். வெளியே, வட இங்கிலாந்தின் கீத்லி ஊரில், வழக்கம்போலத் தூறிக்கொண்டிருந்தது. மதியத்துக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. அந்த இருட்டில் கண்ணாடியோடு நடந்து வந்தவன் வாசற்படியில் தடுக்கி, குடை ஜாடிக்குள் கையை விட்டுத்தான் உள்ளே வந்தான். பெவர்லி அதை மனதுக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். கணவன் ராய் வந்ததும் சொல்லிச் சிரிக்க ஆகும்.

அறுபதைத் தாண்டியவன். தலைமுடிக்குப் பூட்ஸ் பாலிஷ் போலக் கருப்புச் சாயம்; வகிட்டில் மட்டும் வெள்ளை எட்டிப் பார்த்தது. விரலுக்கு ஒரு மண்டையோட்டு மோதிரம், அதில் ஒன்று வீங்கிய மூட்டில் சிக்கி இனி கழற்றவே முடியாது என்பதுபோல இருந்தது. ஜெர்மனியிலும் மெக்சிகோவிலும் அவன் லூசியன் வெய்ல். மரணத்தையும் இரவையும் பாடும் காத் ராக் கூட்டத்துக்கு அரைக் கடவுள். கீத்லியில் அவன் கசாப்புக்கடை சக்டனின் இரண்டாவது பையன். கூட வந்திருந்த டாமினிக் என்ற ஒலிப்பொறியாளன் லண்டன்காரன், மரியாதை தெரிந்தவன். டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விஷயத்தை அவன்தான் சொன்னான்.

ஒரு ஜெர்மன் கம்பெனி, நைஜலின் பழைய பேல் டிரேப்பர்ஸ் குழு முதன்முதலில் பதிந்த நான்கு பாட்டுகளைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறது. அறிவிப்பும் வந்தாயிற்று. ஆனால் கம்பெனியிடம் இருப்பது நகலுக்கு நகல் எடுத்த ஒரு கேசட் மட்டும். அசல் ஒலிநாடா பெவர்லியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டார்கள்.

இருந்தது. எண்பத்திரண்டில் அந்த நான்கு பாட்டையும் பதிந்த அன்று, குழுவில் வேன் வைத்திருந்தவள் டிரம்ஸ் வாசித்த அவள் ஒருத்திதான். டிரம்ஸையும் நாடாவையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கும்போது கிடார் வாசித்த டெரக்கின் அம்மா, "பசங்க ஏதோ டிரம் மெஷின் வாங்கியிருக்காங்களாமே, இனி உனக்கு அலைச்சல் இல்ல" என்றாள். குழுவிலிருந்து தன்னை நீக்கிவிட்டார்கள் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. நேரில் வந்து சொல்ல ஒருவனுக்கும் தைரியம் இல்லை. அதன் பிறகு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலுக்குப் போனாள். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். டெரக் மட்டும் மூன்று தடவை தேர்வில் தோற்றான் என்பதில் அவளுக்கு இன்றுவரை ஒரு திருப்தி உண்டு.

டாமினிக் குழுவின் வரலாற்றுப் புத்தகத்தின் மாதிரியை நீட்டினான். பெவர்லி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்கால் சிரித்தாள்.

"பேல் டிரேப்பர்ஸ்னா பிணத்துக்குத் துணி சுத்துற வெளுத்த பெண்களா? டேய், அது திரைச்சீலைக் கடைடா. பேல்ங்கிறது கடைக்காரர் பேரு. மேல்மாடியில வாசிக்க விட்டாரேன்னு போர்டைப் பார்த்துப் பேரு வெச்சோம்."

"ரசிகர்களுக்கு அது ஒரு மாதிரியா இருக்கணும், பெவ்," என்றான் நைஜல்.

"ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

அடுத்த பக்கத்தில் இன்னும் ஒன்று: முதல் நாளிலிருந்தே டிரம்ஸ் வாசித்தது இயந்திரம்தான், இதயமில்லாத அந்தத் துடிப்பே குழுவின் ஆன்மா. பெவர்லியின் பெயர் எங்கும் இல்லை. அவள் புத்தகத்தை மூடி, ஈரக் கோப்பைக்கு அடியில் தட்டாக வைத்தாள். நைஜல் நான்காவது பிஸ்கட்டை எடுத்தான். சாவைப் பற்றிப் பாடுபவனுக்கு நல்ல பசி.

"நாடா தரேன். ஆனா நானும் கூட வருவேன். நீங்க அதுல என்ன பண்றீங்கன்னு பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

லீட்ஸில் ஒரு பழைய நூல் ஆலைக் கட்டடத்தில் டாமினிக் ஸ்டூடியோ வாடகைக்கு எடுத்திருந்தான். நாடாவின் பசை இளகிப் போயிருந்ததால் அதைக் குறைந்த சூட்டில் அடுப்பில் வைத்து உலர்த்திவிட்டுத்தான் ஓட்ட முடிந்தது. முதலில் டிரம்ஸை மட்டும் தனியாகத் திறந்தான். பெவர்லி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தான் மட்டமாக வாசித்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது. இத்தனை வருடமாக அவர்கள்மேல் அவள் வைத்திருந்த ஏளனமும் அந்த ஒரு நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தேர்வுக்கு வந்த புது ஓட்டுநரைக் கவனிப்பதுபோல, எங்கே தடுமாறுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தடுமாறவில்லை. பாட்டு முடியும்வரை ஒரு அடிகூடப் பிசகவில்லை. டாமினிக் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு குரலைத் திறந்தான்.

உலகம் அறிந்த லூசியன் வெய்லின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இது அதுவல்ல. மெல்லிய, உயர்ந்த, கண்ணாடி போன்ற குரல். உச்சத்தில் லேசாக நடுங்கி, உடையாமல் நின்றது. சந்தைக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பையன் கூப்பிடுவதுபோல, அப்பட்டமான கீத்லி உச்சரிப்பில் அவன் கல்லறைகளைப் பற்றிப் பாடினான். பெவர்லி இதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். நைஜலின் காதுமடல் சிவந்தது.

"இத எடுத்துடலாம். நான் இப்ப இருக்கிற குரல்ல புதுசா பாடித் தரேன். டிரம்ஸையும் மெஷினுக்கு மாத்திடு, டாமினிக். ஒரே மாதிரி இருக்கும்."

பெவர்லி எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். காபி இயந்திரத்தின் பக்கத்தில் நைஜல் அவளைப் பிடித்தான். கண்ணாடியை முதல்முறையாகக் கழற்றினான். சின்னக் கண்கள், ஓரம் சிவந்து, தூங்காதவனின் கண்கள்.

"பெவ், என் பேரை உடம்புல பச்சை குத்தியிருக்காங்க ஜனங்க. இதக் கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"எனக்குன்னு இருக்கிறது அந்தக் குரல் ஒண்ணுதான்."

"எனக்குன்னு இருந்தது அந்த டிரம்ஸ் ஒண்ணுதான். அதுக்கு நீ என்ன பண்ணின? டெரக்கோட அம்மாவை அனுப்பின."

"நான் அனுப்பல. அவங்களா சொல்லிட்டாங்க."

"அப்ப அதுக்குக்கூட உனக்குத் துப்பு இல்ல." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "உள்ளது உள்ளபடி வரணும். உன் குரலும், என் அடியும். இல்லேன்னா நாடா என்னோட வீட்டுக்கு வரும்."

அறிவிப்பு வந்துவிட்ட பிறகு அவனுக்கு வேறு வழி இல்லை. தலையாட்டினான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெவர்லி காரில் தனியாகச் சத்தம்போட்டுச் சிரித்தாள். லூசியன் வெய்ல் சந்தையில் தொலைந்த பையன் என்று உலகம் தெரிந்துகொள்ளப்போகிற நாளுக்காக அவள் காத்திருந்தாள்.

வசந்தத்தில் பாட்டுகள் வெளியாயின. காலைச் சாப்பாட்டின்போது ராய் போனிலிருந்து விமர்சனங்களைப் படித்துக் காட்டினான். சிரிப்பவர் ஒருவரும் இல்லை. இவ்வளவு தூய குரலை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் வாழ்நாள் முழுக்க உறுமிக்கொண்டிருந்தார் என்று ஒருவர் கேட்டிருந்தார். பிந்தைய ஒன்பது ஆல்பங்களையும் தூக்கிப் போட்டுவிடலாம், இந்த நான்கு பாட்டு போதும் என்று இன்னொருவர்.

"பாவம்டி அவன்," என்றான் ராய். "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. இரு, உன்னைப் பத்தியும் இருக்கு. 'டிரம் மெஷின் இரக்கமே இல்லாத துல்லியத்தோட நிரல் செய்யப்பட்டிருக்கு. மனுசக் கையால இது முடியாது.'"

ராய் டீ சிந்தச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, துணி எடுத்து மேஜையைத் துடைத்தான்.

நாடாவுக்காகச் சண்டை போட்டவள் புத்தகத்தை விட்டுவிட்டாள். அது இருந்தபடியே அச்சாகியிருந்தது. விமர்சகருக்கு அவள் எழுதிப் போட்டாள். குழுவின் அதிகாரபூர்வ வரலாற்றைப் படித்துப் பார்க்கும்படி அவர் பணிவோடு பதில் எழுதினார்.

லீட்ஸ் இசைத்தட்டுக் கடையில் வெளியீட்டு விழா என்று போட்டிருந்தார்கள். பெவர்லி போனாள். எல்லோர் முன்னாலும் என்ன சொல்வது என்று கார் ஓட்டும்போதே வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்துகொண்டாள். கடைக்குள் கருப்பு லேஸும் வெல்வெட்டும் நாப்தலின் வாசனையுமாக ஐம்பது வயதுப் பிசாசுகள் நிறைந்திருந்தன. ஒருத்தி வலைச் சாக்ஸுக்கு மேல் முழங்கால் பட்டை கட்டியிருந்தாள். இன்னொருவன் மண்டையோட்டுப் பிடி வைத்த கைத்தடியோடு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். சாவைக் கொண்டாட வந்தவர்கள் எல்லோரும் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்று பட்டது.

கைத்தடிக்காரன் மைக்கை வாங்கினான். "லூசியன், ரொம்ப நாளா ஒரு கேள்வி. அந்த டிரம் மெஷின் என்ன மாடல்?"

நைஜல் வாயைத் திறந்தான். அப்போதுதான் கதவோரம் நின்றவளைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடியதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஏதாவது ஒரு மாடல் பெயரைச் சொல்வான், உடனே ஆரம்பித்துவிடலாம் என்று அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"மெஷின் இல்ல," என்றான். "பெவர்லி. அதோ, பச்சை மழைக்கோட்டு போட்டு நிக்கிறாங்களே, அவங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. பச்சை மழைக்கோட்டையும், குட்டை நரைமுடியையும், கையில் இருந்த கடைப் பையையும் பார்த்தார்கள். பிறகு கைத்தடிக்காரன் சிரித்தான். கூட்டமே சிரித்தது.

"செமையா ஓட்டுறீங்க, லூசியன்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முழங்கால் பட்டைக்காரி பெவர்லியின் பக்கம் குனிந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, அவரு எப்பவும் இப்படித்தான். கையெழுத்து வாங்கணும்னா வரிசை அந்தப் பக்கம்" என்றாள்.

தயார் செய்து வந்த பேச்சு பெவர்லியின் நாக்கு நுனியில்தான் இருந்தது. யாரிடம் சொல்வது? அவள் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் போனாள்.

பக்கத்து ரொட்டிக்கடையின் கூரைத் துணிக்குக் கீழே நின்றிருந்தபோது நைஜல் வந்தான். அவன் கையில் காகிதத்தில் சுற்றிய, இறைச்சி வைத்த சாசேஜ் ரோல் இருந்தது. பாதியைப் பிட்டு நீட்டினான். அவள் வாங்கவில்லை. தானே தின்ன ஆரம்பித்தான்.

"புத்தகத்தை மாத்தச் சொல்றேன். அடுத்த பதிப்புல."

"அடுத்த பதிப்பெல்லாம் வராதுடா."

"வராதுதான்."

"உள்ள போ. தேடுவாங்க."

"பாட்டு போட்டுட்டாங்க. இனி என்னைத் தேட மாட்டாங்க."

கடைக் கதவை யாரோ திறந்து வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து அவளுடைய அடி தெருவுக்கு வந்தது. அதன் மேல் அந்தப் பையனின் குரல் ஏறிக்கொண்டே போனது. நைஜல் மெல்லுவதை நிறுத்தினான். உதடுகள் அசைந்தன. குரல் உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தபோது, எட்டாத அலமாரியில் இருந்து எதையோ எடுக்கப் பார்ப்பவன்போல மோவாயைத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது. அடுத்த முறை அந்த இடம் வருவதற்குள் எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி மோவாயைத் தூக்கினான். கருப்பு வெல்வெட் கழுத்துத் துணியிலிருந்து ரொட்டித் துகள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து ஈரத் தரையில் விழுந்துகொண்டிருந்தன.