யசோதரனின் தாள்

திங்கட்கிழமை, சூட்டுப் பயிற்சிக் கூடத்து மேசையில் இரண்டு கைத்துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்று கனத்த இரும்பு, பிடியில் மரத்தகடு பதித்தது. மற்றதற்குப் பிளாஸ்டிக் உடம்பு. பிள்ளைகளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கும் சாமான் மாதிரி இருந்தது. றொஜர் இரும்பைத்தான் முதலில் எடுத்தார். அது உள்ளங்கையில் போய் உட்கார்ந்த விதத்திலேயே அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது. இதுதான், வேறு பேச்சில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். பிறகு சுட்டார். எதிரே தொங்கிய இலக்குத் தாளில் துளைகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. வேண்டா வெறுப்பாகப் பிளாஸ்டிக்கை எடுத்துச் சுட்டால், அவ்வளவும் நடுவட்டத்தை அண்டியே விழுந்திருந்தன.

"உன் கையைக் கேட்காதே, தாளைக் கேள்," என்றார் பயிற்சியாளர், பிரெஞ்சில். "வெள்ளிக்கிழமை பரீட்சை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்துகொண்டு வா."

றொஜர் பண வண்டிக் காவலர். கடைகளுக்கும் வங்கிகளுக்கும் காசுப் பைகளோடு போகும் கவச வண்டியிலிருந்து, இடுப்பில் துப்பாக்கியோடு முதலில் இறங்குகிறவர். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தமிழர் பார்க்காத வேலையில்லை. ஆனால் அரசாங்கம் அறியத் துவக்கு வைத்திருக்கும் தமிழன் தான் ஒருவன்தான் என்று அவர் பல வருடங்களாக நம்பியிருந்தார், மற்றவர்களையும் நம்ப வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் நாலுபேர் சுற்றி நின்று, உள்ளே இருப்பது உண்மையான குண்டுதானா என்று கேட்பார்கள். றொஜர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவர் வீட்டுக் கண்ணாடியில் பழகியிருந்தார்.

போன வருடம் அதே நிறுவனத்தில் யசோதரன் வந்து சேர்ந்தான். வன்னிக்காரன், அவரைவிட இளையவன், குரல் எழும்பாதவன். அதே சீருடை, அதே இடுப்புவார், அதே வேலை. ஆனால் வேலையைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை. யாராவது கேட்டால் "ட்ரைவர்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவான். றொஜருக்கு அதுதான் பொறுக்கவில்லை. தான் ஊரெல்லாம் காட்டித் திரியும் ஒன்றை இவன் கிழிந்த சட்டையை மறைப்பது போல மறைக்கிறான் என்றால், யாரை மட்டம் தட்டுகிறான்?

இப்போது சனங்கள் வங்கி அட்டையால் காசு கட்டப் பழகிவிட்டார்கள். அதனால் நிறுவனம் ஒரு பண வண்டியைக் குறைக்கிறது. இவர்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வண்டியில் இடம். மற்றவர் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணிமனையில் கமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை யாருடைய தாள் நன்றாக இருக்கிறதோ அவருக்கு வண்டி.

அன்று யசோதரனும் இரண்டாலும் சுட்டான். தாள்களை ஒரு தரம் பார்த்தான். பிளாஸ்டிக்கைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்தான். அவனுடைய துளைகளை ஒரு இரண்டு யூரோ நாணயத்தால் மூடிவிடலாம்.

"தம்பி, உது கைக்குப் பிடிக்குதோ?" என்று றொஜர் கேட்டார்.

"பிடிக்கேல்லை அண்ணை. ஆனா குறியிலை படுகுது."

அவ்வளவுதான் சொன்னான். றொஜருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. பிளாஸ்டிக்கை எடுத்தால் அவனைப் பார்த்து எடுத்ததாக ஆகும். இரும்பை எடுத்தால் கமரா அறைதான். இரண்டு வழியிலும் அவன் முன்னால் நின்றான்.

புதன்கிழமை மாலை மார்க்கண்டுவின் தேநீர்க் கடைக்குப் போனார். வழக்கமான முகங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ். மார்க்கண்டுதான் பேச்சைத் தொடங்கினார்.

"என்ன றொஜர், சோதினையாம். ஆர் வெல்லுறது?"

"பெடியன்ரை சூட்டை நீங்கள் பாக்க வேணும் அண்ணை. ஒரு துளைக்குப் பக்கத்திலை மற்றது." றொஜர் தேநீரை ஊதினார். "அது இஞ்சை வந்து பழகின கையில்லை."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவனுடைய சமையலையோ வண்டி ஓட்டத்தையோ இப்படிப் புகழ்ந்தால் அது புகழ்ச்சி. வன்னியிலிருந்து வந்த ஒருவனுக்குத் துவக்கு பழகிய கை என்று இந்தத் தெருவில் சொன்னால், அவன் இயக்கத்தில் இருந்தவனா என்பதுதான் அடுத்த கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் கேட்பதில்லை, வீட்டுக்குக் கொண்டு போவார்கள். றொஜருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. தேநீர் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

"உதுகளை இஞ்சை கதையாதையும்," என்று மார்க்கண்டு மேசையைத் துடைத்தார்.

அடுத்த நாள் வேலையிலிருந்து வந்த சிசிலியா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கணவர் றொஜர் முன்னால் வந்து நின்றாள்.

"யசோதரன்ரை மனுசி வசந்தரூபியை மரக்கறிக் கடையிலை ஆரோ மறிச்சுக் கேட்டிருக்கினம். உன்ரை மனுசன் அங்கை என்னவா இருந்தவர் எண்டு. அவைக்கு அடுத்த மாசம் பொபினிக் கந்தோரிலை நசனலித்தேக்கு, பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விசாரணை. உந்தக் கதை அங்கை எட்டினா எல்லாம் போச்சு எண்டு வசந்தரூபி பயந்துபோய் நிக்குது. நீங்கள் ஏதும் கதைச்சனீங்களோ?"

"நான் என்னத்தைக் கதைச்சனான். நல்லாச் சுடுறான் எண்டு சொன்னனான். அது குற்றமோ?"

சிசிலியா மேலங்கியைக் கழற்றி மாட்டினாள். பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். இவள்கூட அவன் பக்கம்தான் என்று றொஜர் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை யசோதரனை முதலில் அழைத்தார்கள். அவன் மேசையருகே நின்று றொஜரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு இரும்பை எடுத்தான்.

"நிச்சயமாகவா?" என்றார் பயிற்சியாளர். "திங்கட்கிழமை நீ மற்றதை அல்லவா எடுத்தாய்?"

"இதுதான் கைக்குப் பிடித்திருக்கிறது," என்றான் யசோதரன் பிரெஞ்சில்.

சுட்டான். தாளை அருகே இழுத்தபோது நடுவட்டத்தில் ஒரு குண்டும் படவில்லை. பயிற்சியாளர் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு புள்ளி எழுதினார். இனி அவனைப் பார்த்து எடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. அவர் பிளாஸ்டிக்கை எடுத்தார். சுமாராகத்தான் சுட்டார், ஆனால் அது போதுமாக இருந்தது. வண்டி அவருக்கு. திங்கட்கிழமை முதல் யசோதரன் திரைகளுக்கு முன்னால்.

யசோதரன் தன் இடுப்புவாரைக் கழற்றிச் சுருட்டி மேசையில் வைத்தான். போகும்போது றொஜருக்குப் பக்கத்தில் நின்றான்.

"இனி ஒருத்தரும் மனுசியைக் கேக்கமாட்டினம் என்னண்ணை?"

கோபமே இல்லாமல் கேட்டான். கடையில் விலை கேட்கிற மாதிரிக் கேட்டான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ரயில் ஸ்டேசன் பக்கமாகப் போய்விட்டான்.

பழைய தாள்களைக் குப்பையில் போடும்படி சொல்லிவிட்டுப் பயிற்சியாளரும் வெளியே போனார். றொஜர் தன் தாளை நிமிர்த்திப் பார்த்தார். வென்ற தாள். நடுவட்டத்தை ஒட்டி இடமும் வலமுமாக இழுபட்ட துளைகள். அதை வைத்துவிட்டு யசோதரனுடையதை எடுத்தார். நடுவில் இருந்த கறுப்பில் ஒரு கீறல்கூட இல்லை. துளைகள் முழுவதும் கடைசி வளையத்தின் கோட்டிலேயே விழுந்திருந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஒரே இடைவெளி. ஒன்றுகூட உள்ளே சாயவில்லை, வெளியே தப்பவில்லை.

அவருடைய கையில் இனித்த அதே இரும்பு. அதை வைத்துக்கொண்டு அவரால் இப்படிப் பிழைவிடக்கூட முடியாது. றொஜர் தாளை மேசையில் விரித்து, சுட்டுவிரலை முதல் துளையில் வைத்தார். அங்கிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. விரல் எங்கும் தடுமாறாமல் நடுக் கறுப்பைச் சுற்றிக்கொண்டு போனது.