பதினோரு இன்டெக்ஸும் மத்தியான லொறியும்

“கொழுந்த தலையில வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? பழையபடி புத்தகத்துல எழுதுங்க கணக்கப்பிள்ளையய்யா.”

“என்கிட்ட கத்தி என்ன புண்ணியம் கருப்பாயி? இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி தொர கொண்டாந்தது.”

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தர்மிளாவுக்கு எல்லாம் கேட்டது. 2005, இலங்கையில் கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கணக்கப்பிள்ளை இராமசாமி நிறையைச் சொல்ல, அவள் பதிய வேண்டும். ஒரு நிறை சேவ் ஆகப் பத்து செக்கன் போனது. வரிசையில் நூற்றிருபது பேர். இன்னொரு நாள் மத்தியான ஃபெக்டரி லொறி கொழுந்தை விட்டுப் போனால், பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு அவளை மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்புவதாகத் தோட்டத் துரை சொல்லியிருந்தார்.

தவறு அவளுடையதுதான். கொழுந்துப் புத்தகத்தில் இருந்தபடியே பேர், குடியிருக்கும் லயம், கங்காணி, கொழுந்தெடுத்த மலை எல்லாவற்றையும் ஒரே வரியில் வைத்திருந்தாள். கங்காணி லயத்தைச் சொல்லிக் கேட்பார், ஃபெக்டரியில் மலை நம்பர், மருத்துவிச்சி புருஷன் பேர். கேட்டதும் எடுத்துக் கொடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டெக்ஸ், அதாவது தேடுவதற்கென்று தனிப் பட்டியல், போட்டாள். மொத்தம் பதினொன்று. தேடல் பறந்தது. ஆனால் ஒரு நிறையை எழுத, அந்தப் பழைய மெஷின் பதினோரு பட்டியலிலும் இடம் தேடிச் செருக வேண்டியிருந்தது.

சம்பளப் பதிவில் ஆளுக்குரிய செக்ரோல் நம்பரின் இன்டெக்ஸை மட்டும் விட்டு மற்றப் பத்தையும் அழித்தாள். இரண்டு செக்கனாகக் குறைந்தது. அதுவும் போதவில்லை. ஒவ்வொரு நிறைக்கும் சேவ் பண்ணாமல், பத்துப் பேரைச் சேர்த்து ஒரே தடவையில் பண்ணினாள். வரிசை ஓடியது.

“இப்பத்தான் பொட்டிக்கு உசுரு வந்திருக்கு” என்றாள் கருப்பாயி.

கடைசிப் பத்தில் ஏழாவது ஆளோடு கரண்ட் போனது. சேவ் ஆகாத ஏழு நிறையும் போச்சு. கொழுந்து ஏற்கனவே லொறியில் கொட்டிக் கலந்துவிட்டது. சாரதி “யமு, யமு” என்று சிங்களத்தில், போகலாம் போகலாமென்று அவசரப்படுத்தினான்.

“என் பதினெட்டு கிலோ எங்கடி?” ஏழில் கருப்பாயியும் ஒருத்தி.

இராமசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டி அட்டையை எடுத்து நீட்டினார். ஏழு நிறையும் பென்சிலில் இருந்தது.

“அந்தப் பொட்டிய நான் என்னிக்கு நம்புனேன்?”

மீதி மூன்று பேரின் நிறையும் அட்டையிலேயே ஏற, லொறி நேரத்துக்குப் போனது. தர்மிளா இன்றும் பத்துப் பத்தாகத்தான் சேவ் பண்ணுகிறாள். கேட்டவர்களுக்குத் தேடிக் கொடுக்க மற்ற இன்டெக்ஸ்களைச் சாயந்தரம் போட்டுக் காலையில் அழிக்கிறாள். இராமசாமி அட்டையை விடவில்லை.

கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் இப்படி வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை வரிக்கு ஒருதரம் சேவ் பண்ணினீர்கள்? கீழே எழுதுங்கள்.