சில்வர் மூன் ஓடிய பந்தயம்

சிற்றம்பலம் ஒருகாலத்தில் சம்பளம் வாங்காமல், ஆசைக்காகவே பந்தயக் குதிரை ஓட்டியவர். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு பத்திரிகைக்குப் பந்தயச் செய்தி எழுதினார். இப்போது கோலாலம்பூர்ப் பந்தயங்களை ரேடியோவிலும் தமிழில் சொல்லிவந்தார்.

அன்று, அவர் முன்பு ஓட்டிய சில்வர் மூனும் களத்தில் இருந்தது. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. கடைசித் திருப்பத்தில் எல்லாக் குதிரைகளும் ஒரே சேற்று நிறமாகத் தெரிந்தன. அவர் மேல்மாடத்தில் மைக்கின் முன் மூச்சுவிடாமல் பேசினார். முடிந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஏனென்று அவருக்குப் புரியவில்லை. முடிவு அறிவிக்கும் முன்பே கிளம்பிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மனைவி இராசேஸ்வரி வாசலிலேயே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் ரேடியோவில அப்பிடிக் கத்தினனீங்கள்?"

"எப்பிடி?"

"'நான் முந்துறன், நான் முந்துறன்' எண்டு."

"நானோ? சில்வர் மூன் முந்துது எண்டெல்லோ சொன்னனான்!"

"இல்லை. பக்கத்து வீட்டுச் சனமும் கேட்டது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெற்றிக் கம்பத்தைக் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே பார்த்தது நன்றாக நினைவிருந்தது. மேலே மாடத்தில் இருந்த தனக்கு அது எப்படி அப்படித் தெரிந்திருக்கும்?

"அப்ப எந்தக் குதிரை வெண்டது?" என்று கேட்டார்.

"என்னையோ கேக்கிறீங்கள்?"

காலைப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியாக வேண்டும். பந்தயம் பார்த்துவிட்டு வந்திருந்த அடுத்த தெருக் கந்தப்புவிடம் விசாரிக்க, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.