கன்றின் முதுகு

பால் தெளிக்கச் செம்பு தேடிக் கொட்டகைக்குள் வந்த உடையப்பன், கன்றின் மேல் கிடந்த சாக்கை விலக்கினான். செம்பு இல்லை. கன்றின் முதுகில் ஒரு கை இருந்தது.

ஐந்து விரல்களும் உள்ளங்கையும், செம்மண் நிறத் துருவாக.

சாக்கைப் பிடித்தபடி நின்றான்.

ஐந்து மாதமாகச் செய்த எஃகுக் கன்று. மாமனார் இருளாண்டி பஸ் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்பிரிங் வில்பட்டைகளை வெட்டி வளைத்தான். அவரே வெல்டிங் வைத்தார். ஒட்டுகளை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மினுங்க வைத்தான். எழப் பார்க்கும் கன்று; பின்கால்கள் நிமிர்ந்துவிட்டன. முன்கால்கள் இன்னும் மடிந்தே இருந்தன. வார்னிஷ் மட்டும் பாக்கி. நாளை மெட்ராஸ் கண்காட்சிக்கு லாரி வரும்.

வார்னிஷ் அடிக்கும்வரை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. வேர்வை பட்ட இடம் இரண்டு நாளில் துருப்பிடித்துவிடும். மனைவி கண்ணாத்தாள் சிரிப்பாள்.

"என்னயத் தொடலாம். ஒங்க கன்னுக்குட்டியத் தொட்டா மட்டும் தீட்டாக்கும்."

திங்கட்கிழமை நிறைவயிற்றோடு மோர் கொண்டுவந்தவளுக்கு வலி எடுத்தது. குனிந்து கன்றின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை. அவன் அரத்திலிருந்து நிமிர்ந்தான்.

"கைய எடு. துரு ஏறும்ல."

எடுத்துவிட்டாள். பிடிக்க வேறெதுவும் இல்லாமல் தரையில் உட்கார்ந்தாள். பிறகுதான் மாட்டுவண்டி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. வழியிலேயே அவளுக்கு நினைவு தப்பியது. அதன் பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. செவ்வாய் மாலைக்குள் பிள்ளையும் அவளும் போய்விட்டார்கள்.

"செம்பு இங்கிட்டு இருக்கு, மாப்ள." வெளியிலிருந்து இருளாண்டியின் குரல்.

சாக்கை அவசரமாக இழுத்துவிட்டு வெளியே வந்தான்.

சுடுகாட்டில் சாம்பலின் மேல் பால் தெளித்தார்கள். இருளாண்டி பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். உடையப்பன் குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு திரும்பினான். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டான். அந்தக் கையின் மேலேயே வார்னிஷ் அடித்துவிடுவது. லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவது.

கொட்டகையில் கரகரவென்று சத்தம் கேட்டது.

இருளாண்டி கன்றின் பக்கத்தில் குந்தியிருந்தார். இடது கையில் துணி சுற்றிக் கன்றைப் பிடித்திருந்தார். வலது கையில் உப்புத்தாள்.

"சாக்கு ஒதுங்கிக் கெடந்துச்சு மாப்ள. பாத்தா துரு. துக்கத்துக்கு வந்த கூட்டத்துல யாரோ கைய வச்சிருக்காங்க. சின்னக் கை. எந்தப் புள்ள வச்சதோ."

"மாமா..."

"நேத்தே பாக்காமப் போனேன். 'அப்பா, ஒங்க வெல்டிங்கும் மெட்ராசுக்குப் போகுது'ன்னு எம்மக சொல்லிக்கிட்டே திரிஞ்சா. வீட்டுக்குள்ள ஒக்காந்தா நெஞ்சை அடைக்குது. இதையாச்சும் அவளுக்குச் செய்யிறேன்."

உள்ளங்கை போயிருந்தது. நான்கு விரல்களும் போயிருந்தன. விலாப் பக்கம் சரிந்த பெருவிரல் மட்டும் இருந்தது.

"என்னமோ சொல்ல வந்தீங்க."

உடையப்பன் அவர் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் செம்பொடி. முழங்காலிலும் கொட்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல. அழுத்தாதீங்க. கோடு விழும்."

"அது எனக்குத் தெரியாதா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெற்றியிலும் செம்பொடி ஒட்டிக்கொண்டது. "இந்தப் பக்கம் வெளிச்சம் பத்தல. இன்னும் ஒரு எடம் இருக்கு. செத்த திருப்பிப் புடிக்கிறீங்களா?"

உடையப்பன் தோளில் கிடந்த துண்டைக் கைகளில் சுற்றிக்கொண்டான். பெருவிரல் இருந்த பக்கம் வாசல் வெயிலில் படும்படி கன்றைத் திருப்பி, ஆடாமல் பிடித்துக்கொண்டான்.