இருமு, மகாராணி!

என் அண்ணனுக்கு நான் வெறும் மாட்டு டாக்டர். குதிரை வைத்தியத்தில் பதினோரு வருடம் ஓட்டிய பிறகும் அப்படித்தான். "ஊசி, ட்யூப்னு எங்கிட்ட வராத. நோயவிட உன் வைத்தியந்தான் பயமா இருக்கு" என்று மூன்று மாதம் இழுத்தடித்தான். அதற்குள் அவனுடைய குதிரை மகாராணி இருமி இருமி விலா எலும்பு தெரிய நின்றது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கிருமியா, தூசு ஒவ்வாமையா என்று தெரிய மூச்சுக்குழாயிலிருந்து சளி எடுத்தே ஆக வேண்டும். கடைசியில் அண்ணிதான் சண்டை போட்டு அவனைச் சம்மதிக்க வைத்தாள்.

லாயத்திலேயே மயக்க மருந்து கொடுத்து, கழுத்தை மரத்துப்போக வைத்து, மூச்சுக்குழாய்க்குள் ஊசியை இறக்கினேன். அதன் வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு, உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சினேன். ஒரு சொட்டு வரவில்லை. எரிச்சலில் குழாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன்.

ஐயையோ! ஊசி உள்ளே இருக்கும்போது குழாயைப் பின்னால் இழுக்கவே கூடாது. ஊசியின் கூர்விளிம்பு அதை நறுக்கிவிடும். மாணவர்களுக்கு நானே தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கும் பாடம்! என் புத்தி புல் மேயப் போய்விட்டது. கையோடு வந்தது பாதிக் குழாய்தான். ஒரு சாண் துண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

மறைத்திருக்கலாம், மனம் வரவில்லை. "அண்ணா, குழாய் அறுந்து உள்ள போயிடுச்சு. என் தப்புதான்."

அவன் முகம் வெளிறியது. "எதுக்குப் பயந்தேனோ அதையே பண்ணிட்டியேடி! இப்ப என்ன ஆகும்?"

"பெரும்பாலும் இருமித் துப்பிடும். தங்கிடுச்சுன்னா நுரையீரல் சீழ் புடிச்சுடும்."

"அப்ப இருமட்டும்!"

இருமினால்தானே! மயக்க மருந்து இருமலையும் சேர்த்து அடக்கிவிட்டது. மூன்று மாதமாக எங்களைத் தூங்கவிடாத குதிரை இப்போது சாதுவாக நின்றது. "இருமித் தொலையேன், தாயே!" என்று அண்ணன் கெஞ்சினான். அண்ணி அதன் முன்னால் நின்று இருமியே காட்டினாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரத்தில் மயக்கம் தெளிந்தது. தலையைத் தாழ்த்தி மெதுவாக நடத்தச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் மகாராணி நின்று கழுத்தை நீட்டியது. லொக்! லொக்! மூன்றாவது இருமலில் சளியோடு துண்டு பறந்துவந்து அண்ணன் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"வந்துடுச்சுடி!" என்று கத்தினான். நான் அதைப் பிடுங்கி, மீதிக் குழாயோடு பொருத்தி, புதுக் குழாய் ஒன்றின் பக்கத்தில் வைத்து அளந்தேன். துளிகூடக் குறையவில்லை. வெட்கமே இல்லாமல் அழுதேன்.

பெட்டியை மூடப் போனபோது அண்ணன் என் கையைப் பிடித்தான். "சளி கெடச்சுதா?"

"இல்ல."

"அப்ப எங்க கெளம்பற? அந்தப் புதுக் குழாய எடு. தலைய நான் புடிச்சுக்கறேன்."

"நெசமாவா? நான் பண்ணின தப்புக்கு அப்புறமுமா?"

"தப்ப நீயே சொன்னேல்ல. அது போதும்."

மறுபடி லேசாக மயக்க மருந்து கொடுத்து, கழுத்தை மரத்துப்போக வைத்து, ஊசியை இறக்கினேன். இந்த முறை உறிஞ்சியதும் சிரிஞ்சு கலங்கலாக நிரம்பியது. ஊசியை முதலில் உருவினேன், பிறகுதான் குழாயை. முழுசாக வந்தது. அண்ணன் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லாயமே அதிர, "எடுத்துட்டா என் தங்கச்சி!" என்றான்.